மாமா தொடாத தறி

"அம்மா, அப்பாவுக்கு இன்னா வேல?"

என் மகள் இப்படிக் கேட்டுச் சில நாட்கள் ஆகின்றன. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் சரி. அடுத்த மாதம், பொங்கல் கழிந்ததும், அவளைப் பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம். முதல் நாளே வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையையும் எழுந்து நிற்கச் சொல்லி, பெயர் என்ன, எந்த ஊர், அப்பா என்ன தொழில் என்று கேட்பார் என்று யாரோ இவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை நடக்கிறது. பெயரும் ஊரும் கணீரென்று வந்துவிடுகின்றன. மூன்றாவதில் நின்றுவிடுகிறாள்.

அவள் கேட்டபோது நான் அவள் அப்பாவின் வலது முட்டியில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்க்கும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அப்பாவுக்கு முட்டி வலிக்குதுடி, போய் தம்பியப் பாரு" என்றேன். அது பதில் இல்லை என்று குழந்தைக்குத் தெரியாதா? திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

விளக்கெண்ணெய் வாசனை என்றால் உங்களுக்கெல்லாம் சின்ன வயதில் பேதிக்குக் கொடுத்த ஞாபகம் வரும். எனக்குப் பந்து ஞாபகம் வருகிறது. தோல் பந்து. உள்ளே ரப்பர்ப் பை, வெளியே பழுப்புத் தோல், வாயைச் செருப்பு தைப்பதுபோல வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். தோல் வெடிக்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு முறை அதற்கு விளக்கெண்ணெய் தடவுவார் மாமா. என் அம்மா திட்டுவாள். "எம் பொண்ணு தலைக்கு எண்ண இல்ல, இவன் தோலுக்குத் தடவுறான்."

மாமா என்றால் என் கணவர்தான். என் அம்மாவின் கடைசித் தம்பி. நான் பிறந்த உடனேயே அவருக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். மாமா என்றே கூப்பிட்டு வளர்ந்ததால் தாலி ஏறிய பிறகும் மாமாதான். என் பிள்ளைகள் அவரை அப்பா என்று கூப்பிடும்போது சில சமயம் எனக்கே யாரையோ சொல்வதுபோல இருக்கும்.

அந்தப் பந்து பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பழசாகிப்போய்த் தூக்கிப் போட்டது. மாமா அங்கே கொஞ்ச காலம் படித்தார். அதை ஊருக்குக் கொண்டுவந்த கதையை இப்போது சொன்னாலும் சிரிப்பார். புதுச்சேரி டவுனிலிருந்து எங்கள் கிருமாம்பாக்கத்துக்கு வருவதற்குள் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் புகுந்து திரும்ப பிரெஞ்சு எல்லைக்குள் வரவேண்டும், இல்லையா? சுங்கச் சாவடிக்காரர் பந்தை அமுக்கிப் பார்த்தாராம். "உள்ள இன்னாடா வெச்சிகினு போற?" "காத்துங்க." "எனக்கே டபாய்க்கிறியா? பிரிடா!" வாரைப் பிரித்து, ரப்பர்ப் பையை எடுத்து, காற்றை விட்டு, மூக்கில் வைத்து முகர்ந்துகூடப் பார்த்தாராம். பிறகு மாமா அதை வாயால் ஊதிக்கொண்டே ஊர் வரை நடந்து வந்தார்.

களத்து மேட்டில் ஒரு பனைமரம் இருந்தது. சாராயக் கடையில் உடைந்துபோன பீப்பாயின் இரும்பு வளையத்தை அதில் அடித்தார். எங்களுக்கு அது வளையப் பந்து. டவுனில் பாஸ்கெத் என்பார்கள் என்று நான் கன்னியர் பள்ளிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. சாணி மெழுகிய களத்தில் பந்து எழும்பாது. டவுன் தரையில் இடுப்புக்கு வருகிற பந்து எங்கள் களத்தில் முட்டிக்குத்தான் வரும். ஆகவே மாமா குனிந்தே ஆடப் பழகினார். "நாத்து நடறவளாட்டம் குனிஞ்சே கெடக்கிறியே, நாளைக்கி எவன்டா உனக்குப் பொண்ணு குடுப்பான்?" என்று அம்மா கத்துவாள். பெண் பக்கத்திலேயே வைக்கோல் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குனிவுதான் அவருக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது. டவுனில் நிமிர்ந்து ஆடிப் பழகியவர்களால் முட்டி உயரத்தில் ஓடுகிற பந்தைப் பறிக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய வித்தை அவர் தடுப்பது. வளையத்துக்கு முன்னால் காலை அகட்டி நிற்பார். எதிரி கண்ணைக் காட்டி ஏமாற்றுவான், தோளைக் காட்டி ஏமாற்றுவான். மாமா அவன் இடுப்பை மட்டும் பார்ப்பார். "கண்ணு பொய் சொல்லும்டி, இடுப்பு சொல்லாது. கண்ணுக்குட்டிய மறிச்சிப் பாரு, தெரியும்." இப்போதுகூட எங்கள் சின்னவன் தெருவுக்கு ஓடப் பார்த்தால், நல்ல காலில் பாரத்தைப் போட்டு அதேபோல வாசலில் நிற்கிறார். அவன் இந்தப் பக்கம் போவதுபோல் போய் அந்தப் பக்கம் பாய்வான். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

டவுனுக்கு வெளியே இருந்த ஒரு பெரிய மில்லின் துரைக்குப் பாஸ்கெத் பைத்தியம். மில்லுக்கென்று ஒரு அணி வைத்திருந்தார். பாதிரிமார் பள்ளியோடு நடந்த ஒரு ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் ஆடிய மாமாவைப் பார்த்துவிட்டு, மறுவாரமே மேஸ்திரியை எங்கள் ஊருக்கு அனுப்பினார். மாதச் சம்பளம், தங்க அறை, ஆட்டம் இருக்கும் வாரத்தில் முட்டையும் பாலும். மேஸ்திரி சிரித்துக்கொண்டு சொன்னார்: "பேரு நெசவாளின்னு இருக்கும். தறிப் பக்கம் போவத் தேவல."

அது என்ன ஏற்பாடு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மில்லில் பந்து ஆடுகிறவன் என்று ஒரு வேலை கிடையாது. துரைக்கு மேலே இருந்த முதலாளிகளுக்கு அனுப்புகிற கணக்கில் அவரை நெசவாளி என்று காட்டினார்கள். அவருக்கென்று தறி ஒதுக்கினார்கள். ஆனால் அவர் அதைத் தொடக்கூடாது. இழை கொண்டு ஓடுகிற நாடா பாய்ந்து விரல் நசுங்கினால் பந்தை எப்படிப் பிடிப்பார்? துரையே கூப்பிட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது என்னுடையது, தறிப் பக்கம் போகாதே என்றாராம். அப்படியானால் அந்தத் தறியில் யார் நெய்தார்கள்? அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள். தங்கள் தறியையும் பார்த்துக்கொண்டு முறை வைத்து இதையும் ஓட்டினார்கள். மேஸ்திரிதான் முறை போட்டார். ஆரம்பத்தில் அவர்களுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்று சொல்கிறார்கள். நம் தறி ஷெட்டு ஆள் ஆடுகிறான், அவன் தறி நிற்கக் கூடாது என்று. எத்தனை வருஷம் அந்தப் பெருமை தாங்கும்? இரண்டு கையால் இன்னொருவன் தறியையும் ஓட்டிப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் டவுனில் பெரியம்மா வீட்டில் தங்கிக் கன்னியர் பள்ளியில் படித்த வருஷங்களில் ஆட்டம் பார்க்கப் போவேன். பெண்கள் மைதானத்துக்குள் போகக் கூடாது. வேலிக்கு வெளியே வில்வண்டியை நிறுத்திப் பின்பக்கத் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும். ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் கொடி நாளில் ஊரிலிருந்து அம்மாவும் வந்துவிடுவாள். மாமா போய் வளையத்தின் முன்னால் நின்றதும் கூட்டம் கத்தும்: "மதகு சாத்தியாச்சு டோய்!" எங்கள் பாகூர் ஏரி மதகைச் சொல்கிறார்கள் என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. ஆனால் ஆட்டம் முடிந்ததும் மாலை வேறு ஒருவனுக்குப் போகும். எங்கள் அணிக்காக வளையத்தில் பந்தைப் போட்டவனுக்கு.

"ஏன்டா, நீ ஒரு வாட்டியாவது போடக் கூடாதா?" என்பாள் அம்மா.

"போடறது என் வேல இல்லக்கா. போட வர்றவன வுடாம இருக்கறதுதான் என் வேல."

"அதுக்கா துட்டு குடுக்குறாங்க?"

"அதுக்குத்தான்."

"அப்ப மாலையும் அதுக்குக் குடுக்கச் சொல்லு."

அம்மா வேடிக்கையாகத்தான் சொன்னாள். இப்போது நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இல்லை. நடக்காமல் செய்த காரியத்தை யாரால் எண்ண முடியும்? தடுக்கிறவனுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. மில்லுக்காரர்கள் அதைத் தெரிந்தேதான் அவரை வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை நான் அளவுக்கு மீறி நினைக்கிறேனோ என்னவோ. கோபம் வந்தாலே எனக்கு அடுத்து வருவது சந்தேகம்தான்.

கல்யாணத்துக்கு மேஸ்திரி வந்திருந்தார். கையில் ஒரு கட்டு நீலத் துணி. கப்பலேறி வெளிநாடு போகிற துணி அது. "மாப்ள தறியில நெய்ஞ்சதும்மா" என்று என் மடியில் வைத்தார். உறவெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஓமகுண்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனியே கேட்டேன், தறி எப்படி மாமா இருக்கும் என்று. "நல்லாத்தான் இருக்கும்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு நிறையச் சிரித்தோம். அந்தத் துணியில்தான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் தூளி கட்டினேன். இன்னும் கிழியவில்லை. யார் யாருடைய கையோ, நன்றாக நெய்திருக்கிறார்கள்.

மகள் பிறந்த வருஷம் கடலூர்க்காரர்களோடு ஒரு ஆட்டம். நான் பிள்ளை பெற்று ஊரில் இருந்தேன். தடுக்க எகிறியவர் கீழே இறங்கும்போது இன்னொருவன் காலின் மேல் இறங்கிவிட்டார். யார் மேலும் தப்பில்லை. முட்டி மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. மில் டாக்டர் கட்டுப் போட்டார், பிறகு எங்கள் ஊரில் பச்சிலைக் கட்டுப் போட்டோம். வீக்கம் வடிந்தது. கால் மடங்கவில்லை.

நடமாட முடிந்ததும் மில்லுக்குப் போனார். அதே துரைதான். விரலைத் தொட்டுக் காட்டிய அதே துரை. மாமா நொண்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்தார். மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார். மேஸ்திரி வந்து மாமாவிடம் சொன்னார்: "நீ நெசவாளிதானே? தறிக்குப் போ."

அன்று நடந்தது எதையும் மாமா எனக்குச் சொல்லவில்லை. பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் பிறகு எங்கள் ஊர் வழியாகப் போகும்போது வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். மாமா போய்த் தன் தறியின் முன்னால் நின்றாராம். வளையத்துக்கு முன்னால் நிற்பதுபோலவே காலை அகட்டி நிற்கப் பார்த்தாராம், முட்டி விடவில்லை. ஷெட்டு முழுக்கத் தறி ஓடுகிற சத்தம். இவர் தறி மட்டும் ஓடவில்லை. துரை பின்னால் வந்து நின்றார். மாமா தறியை ஓட்டினார். பாவில் ஒரு இழை அறுந்தது. அறுந்த இழையை முடிபோட இவருக்குத் தெரியாது. பக்கத்துத் தறிக்காரர் பழக்கத்தில் கையை நீட்டியிருக்கிறார். எத்தனையோ தடவை அந்தத் தறியில் அவர் போட்ட முடிதானே. மேஸ்திரி அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"வுடு. அவரு நெய்யட்டும்."

பிறகு மேஸ்திரி துரைக்குப் பிரெஞ்சில் சொன்னார், இவருக்கு ஒரு இழை முடியத் தெரியாது என்று. நெசவு தெரியாமலேயே நெசவாளி என்று சொல்லி இத்தனை வருஷம் மில்லை ஏமாற்றிச் சம்பளம் வாங்கினான் என்று அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றினாராம்! தறியைக் கொடுத்தவர்கள், தொடாதே என்றவர்கள், முறை போட்டவர், கல்யாணத்தில் துணி கொண்டுவந்து கொடுத்தவர், எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவர் வாயைத் திறக்கவில்லை. மாமாவும் திறக்கவில்லை.

"நீங்க ஏன் மாமா சொல்லல?" என்று ஒரு முறை கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? எனக்கு நெய்யத் தெரியாதுன்றது நெசந்தானே."

பக்கத்துத் தறிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் உழைப்பில்தான் நான் தின்றிருக்கிறேன். மேஸ்திரி மேல் இருக்கிறது. துரை மேல் இருக்கிறது. உலகச் சண்டை முடிந்ததும் துரை கப்பலேறிப் போய்விட்டார். என் கோபம் கடல் தாண்டிப் போய் அவரை எங்கே தேடும்? மதகு மதகு என்று கத்திய கூட்டத்தின் மேலும் இருக்கிறது. மறு வருஷக் கொடி நாளில் அவர்கள் வேறு ஒருவனைப் பார்த்து வேறு என்னவோ கத்தியிருப்பார்கள். மாமா மேலும் இருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் இருக்கிறது.

இப்போது என் அப்பாவின் நிலத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறார். சேற்று வயலில் இறங்க முட்டி விடாது. ஊரில் யாரும் தவறாகப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் அந்த மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். கொஞ்சம் தலை நரைத்திருக்கிறது. புதுத் துரை வந்திருக்கிறாராம். அணியைத் திரும்பக் கூட்டப் போகிறார்களாம். இளைஞர்களுக்குத் தடுக்கக் கற்றுக்கொடுக்க மாமாதான் வேண்டுமாம்.

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதப்பா. உன்னாட்டம் ஒருத்தன் அதுக்கப்பறம் வர்ல. மதகச் சாத்தறதுக்கு ஆளே இல்ல."

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. குழந்தை முகம். அதனால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மோர் கொடுக்கப் போனவள் நின்றபடியே கேட்டுவிட்டேன்.

"இந்த வாட்டி இன்னா வேலன்னு எழுதுவீங்க?"

"நெசவாளின்னுதாம்மா. வேற இன்னான்னு எழுதறது?"

"பந்து ஆடக் கத்துக்குடுக்கிறவருன்னு எழுதுங்க."

அவர் சிரித்தார். "மில்லுல ஏதும்மா அப்பிடி ஒரு வேல? முதலாளிக்கு யாரு பதில் சொல்றது? படிச்ச பொண்ணு இல்ல, கேள்வி கேக்குது" என்று மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"மறுபடியும் ஒரு நாளு தறிக்குப் போன்னு சொன்னா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"நீங்கதான் சொன்னீங்க. கையப் புடிச்சி நிறுத்துனதும் நீங்கதான்."

என் குரல் அப்படி ஏறும் என்று எனக்கே தெரியாது. தூளியில் சின்னவன் எழுந்து அழ ஆரம்பித்தான். மேஸ்திரி மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "பொங்கலுக்குள்ள சொல்லி அனுப்பு" என்று மாமாவிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

மாமா என்னைத் திட்டவில்லை. "வுடு, நமக்கு ஒரு சம்பளமாவது வரும்ல" என்றார். பிறகு, "நீ வேணாம்ன்னா போவல" என்றார். என்னை அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் அவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு களத்து மேட்டுக்குப் போனேன். பனைமரம் இப்போது இல்லை, உத்திரத்துக்கு வெட்டிவிட்டார்கள். பீப்பாய் வளையத்தை யாரோ கோழிக் கூண்டுக்கு எடுத்துப் போனார்கள். டவுனில் அந்தப் பழைய மைதானத்திலும் பஞ்சுப் பொதி அடுக்கியிருக்கிறார்களாம். புது மைதானம் வேறு இடத்தில். மாமா ஒன்றும் இல்லாத அந்த இடத்தில், மரம் இருந்த திசையை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, காலை அகட்டி நின்றுகொண்டிருந்தார். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கிறார் என்று புரிந்தது. கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று அவருக்கு எண்ணெய் தேய்க்கக் குப்பியை எடுத்தால் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது. பரண் மேல் கிடந்த பழைய பந்தைத் துடைத்து மூலையில் வைத்திருக்கிறார். உள்ளே காற்று இல்லை, ரப்பர்ப் பை என்றோ வெடித்துவிட்டது, ஒரு பக்கம் அமுங்கிப் போயிருக்கிறது. தோல் மட்டும் பளபளவென்று இருந்தது. வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாசனை.

பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. நான் வேண்டாம் என்றால் அவர் போக மாட்டார். அந்த முகத்தை நான் திரும்பப் பார்க்க மாட்டேன். சரி என்றால், அவர் தொடாத தறி ஒன்றை மறுபடியும் அவர் பெயரில் யாரோ ஓட்டுவார்கள். என் மகள் வகுப்பில் எழுந்து நின்று, எங்கப்பா நெசவாளி என்பாள். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அவரை வெளியே அனுப்பினார்கள். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், என்னைவிட நிதானமாக யோசிக்கிறவர்கள் இருப்பீர்கள். இதுவரை அவளுக்குப் பெயரும் ஊரும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவதாக அவளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கட்டும்? தயவு செய்து எழுதுங்கள்.